கொடி காய்ந்துவிட்டது, பூசணி இன்னும் பச்சையாகவே இருக்கிறது

தாமத விதைப்பு:
முதல் தடவையாக மஞ்சள் பூசணி போட்டிருக்கிறேன். விதை ஊன்றவே தாமதமாகிவிட்டது. இப்போது இலையெல்லாம் சாம்பல் நோய் வந்து சுருண்டுவிட்டது, இரவில் நல்ல குளிர், உறைபனி வரும் என்கிறார்கள். கொடியில் ஏழு காய். இரண்டில் ஆரஞ்சு நிறம் வரி வரியாக ஏறியிருக்கிறது. மூன்று பெரிய காய், ஆனால் முழுப்பச்சை. மீதி இரண்டும் கைக்குள் அடங்கும் பிஞ்சு. பறித்து வைத்தால் பழுக்குமா? தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், தூக்கி எறிய மனசு வரவில்லை.

கொடிப்பந்தல்:
எறியாதீர்கள். ஏழும் உதவும், ஒரே மாதிரி அல்ல, அவ்வளவுதான்.

நிறத்தை விட்டுவிட்டுத் தோலைப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். நகம் இறங்காமல் வழுக்கினால் காய் முற்றிவிட்டது, பச்சையாக இருந்தாலும் வீட்டுக்குள் நிறம் மாற வாய்ப்பு உண்டு. நகம் சுலபமாக இறங்கி ஈரம் கசிந்தால் அது பிஞ்சு. வைத்தால் வெம்பி அழுகும், பழுக்காது. காய் பிடித்ததிலிருந்து முற்ற ஏறத்தாழ 50 நாள் வேண்டும். அதில் பாதி நாள்கூடக் கொடியில் இல்லாத காயை வெயிலில் வைத்துப் பழுக்க வைக்க முடியாது.

உறைபனி விழும் முன் பறித்துவிடுங்கள். பனி பட்ட தோல் நீர் கோத்து அந்த இடத்திலேயே அழுகத் தொடங்கும். காம்பை நான்கு விரல்கடை நீளம் விட்டுக் கத்தரியால் வெட்டுங்கள். அப்புறம் காம்பைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள்! நான் ஒரு வருடம் அப்படித் தூக்கி, இருந்ததிலேயே பெரிய காயின் காம்பு பிய்ந்துவிட்டது. பிய்ந்த குழியில் பத்தே நாளில் வெள்ளைப் பூஞ்சை.

மண்ணைத் துடைத்து, ஈரம் உலர்ந்ததும், வெயில் விழும் ஜன்னலோரம் அட்டை விரித்து ஒன்றோடொன்று தொடாமல் வையுங்கள். 27 முதல் 30 டிகிரிச் சூடு கிடைத்தால் நல்லது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பச்சைப் பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி திருப்பி விடுங்கள். நிறம் வந்ததும் 10 முதல் 15 டிகிரி உள்ள, காற்றோட்டமான உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். குளிர்பெட்டி வேண்டாம், அந்தக் குளிர் முழுக்காய்க்கு ஆகாது.

பிஞ்சு இரண்டையும் இன்றே சமையுங்கள். தோல் சீவ வேண்டாம், விதையோடு நறுக்கி வதக்கலாம். இனிப்பை எதிர்பார்க்காதீர்கள், சுரைக்காய் மாதிரிதான் இருக்கும். முதலில் ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கடும் கசப்பு என்றால் துப்பிவிட்டு முழுக்காயையும் கொட்டிவிடுங்கள். குக்கர்பிட்டசின் என்ற நச்சுப் பொருள்தான் அந்தக் கசப்பு, வேகவைத்தாலும் போகாது.

மண்வாசம்:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயு பச்சையைக் குறைக்கும்தான், ஆனால் காம்பையும் உதிரவைத்துவிடும். இன்னொன்று, விதை உறையைப் பாருங்கள். சில ரகம் பழுத்தாலும் பச்சைத் தோல்தான்.

தாமத விதைப்பு:
மூன்று வாரம் ஆகிவிட்டது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். வரி விழுந்த இரண்டும் முழு ஆரஞ்சு. பெரிய மூன்றில் இரண்டு செங்காய் ஆகி, தரையில் பட்ட பக்கம் மட்டும் இன்னும் பச்சை. மூன்றாவதில் நகம் இறங்கியது, ஆசையில் வைத்துப் பார்த்தேன், காம்படி மெத்தென்று ஆனதும் வெட்டிவிட்டேன். சதை வெளிர் மஞ்சள், விதை தட்டையாக, விரலால் மடித்தால் மடிகிறது. கெட்ட பக்கத்தை நன்றாகத் தள்ளி வெட்டிவிட்டு, மீதியை சூப் வைத்தேன். பிஞ்சு கசக்கவில்லை அண்ணா, வதக்கி அன்றைக்கே தீர்ந்தது.

கொடிப்பந்தல்:
சந்தோஷம். ஆரஞ்சு ஆன இரண்டையும் உடனே வெட்டாமல் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், இனிப்பு கூடும். செங்காய் இரண்டையும் முதலில் எடுங்கள்.