புதுப்பிப்பு: பின் சஸ்பென்ஷன் இடிப்பது நின்றது, ஸ்பிரிங் மாற்றவில்லை

மனைவியோடு பைக்கில் போகும்போது வேகத்தடையில் பின்பக்கம் 'டங்' என்று இடிக்கிறது, ஹெட்லைட் மரத்தைப் பார்க்கிறது, கடினமான ஸ்பிரிங் போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இருவரும் உட்கார்ந்தால் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று முதலில் அளந்து பார் என்றார்கள். அளந்தேன்.

சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்கடியில் ஒட்டிய டேப் வரை ஓர் அளவு. இருவரும் ஏறி உட்கார்ந்தபின் இன்னொன்று. வித்தியாசம் 58 மி.மீ. என் வண்டியின் மொத்த அசைவே 120 மி.மீ. தான். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அமுங்க வேண்டும். பாதியை நாங்கள் உட்கார்ந்தே தின்றுவிட்டோம்!

குனிந்து பார்த்தால், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோட் வளையம் இடது ஷாக்கில் முதல் படியில், வலதில் இரண்டாவதில். எப்போதிலிருந்து அப்படி இருக்கிறதோ. கொக்கி போன்ற சி ஸ்பேனரால் இரண்டையும் நான்காம் படிக்குத் திருப்பினேன். இப்போது 43 மி.மீ.

ப்ரீலோட் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அது தவறு. ஸ்பிரிங் அதேதான், வண்டி நிற்கும் உயரம் மட்டும் ஏறுகிறது, அதனால் அமுங்க இடம் மிஞ்சுகிறது.

டயரிலும் இருவருக்கான காற்றழுத்தம் வைத்தேன். இடிப்பு நின்றது, விளக்கும் சாலைக்கு இறங்கியது. தனியாகப் போனால் முதுகில் தெரிகிறது, அதனால் அப்போது இரண்டாம் படி. மாற்ற ஐந்து நிமிடம், கை அழுக்காவதுதான் எரிச்சல்.