லண்டனில் பழைய வீட்டை விற்குமுன் ஃபயர்பிளேஸை இடிக்கலாமா?

ஈஸ்ட் ஹாமில் வீடு விற்கத் தயாராகும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “முன்னறையில் பழைய ஃபயர்பிளேஸ் ஒன்று பலகை அடித்து மூடிக் கிடக்கிறது அண்ணா. அதை மொத்தமாக எடுத்துவிட்டால் அறை பெரிதாகத் தெரியும், விலையும் கூடும் என்று பில்டர் சொல்கிறார். செய்யலாமா?”

வேண்டாம் தம்பி. விற்பதற்காக மட்டும் என்றால் கண்டிப்பாக வேண்டாம். பலகையைக் கழற்றுங்கள், சுத்தம் செய்யுங்கள், அப்படியே விட்டுவிடுங்கள். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்த விஷயத்தில் நான் நன்றாகப் பட்டிருக்கிறேன், ஊரிலிருந்து வந்த நமக்கு இந்தச் சமாச்சாரமே புதிது, முன்கூட்டிச் சொல்லித் தரவும் ஆள் இருப்பதில்லை.

முதலில் ஒன்று தெளிவாகட்டும். ஃபயர்பிளேஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. தீ எரியும் குழி, அதைச் சுற்றியிருக்கும் வார்ப்பிரும்பு, மேலே மேன்டல்பீஸ் என்கிற அலங்காரத் தட்டு, கீழே ஹார்த் என்கிற கல்தரை, இவையெல்லாம் சேர்ந்து ஒன்று. இதை எடுத்தாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. சுவரிலிருந்து ஒன்றரை அடி துருத்திக்கொண்டு, தரையிலிருந்து மாடி அறை வழியாகக் கூரைக்கு மேல் சிம்னி வரை போகிறதே செங்கல் கட்டு, அதுதான் சிம்னி பிரெஸ்ட், இரண்டாவது பொருள். பில்டர் “எடுத்துடலாம் சார்” என்றால் எதை என்று கேளுங்கள். அறை பெரிதாகும் என்று சொன்னால் அவர் கைவைக்கப் போவது இரண்டாவதில்தான்.

நாங்கள் 2013-ல் வாங்கிய வீடும் அதே பக்கம்தான், நூறு வருடத்துக்கு மேலான டெரஸ் வீடு, அதாவது வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. முன்னறையில் ஃபயர்பிளேஸ் மூடியிருந்தது. பின்னறையில் சிம்னி பிரெஸ்டே இல்லை, எங்களுக்கு முன்னால் இருந்தவர் 90-களில் எடுத்துவிட்டிருந்தார். இடம் கிடைத்ததே என்று அங்கே சாப்பாட்டு மேசையைப் போட்டுக்கொண்டோம். வாங்கும்போது எங்கள் தரப்பில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. 2022-ல் விற்கும்போது வாங்க வந்தவருக்காக வீட்டின் நிலையைச் சோதிக்கும் சர்வேயர் வந்தார். பின்னறையில் நின்று பார்த்தார், மாடி ஏறி அதற்கு நேர் மேலே இருந்த படுக்கையறையைப் பார்த்தார், திரும்பக் கீழே வந்து சீலிங்கை விரலால் தட்டிப் பார்த்தார். மாடியில் சிம்னி பிரெஸ்ட் இருக்கிறது, கீழே இல்லை. அப்படியானால் மேலே இருக்கும் அத்தனை செங்கலும் எதன்மேல் நிற்கிறது?

பத்து நாளில் அவர்களுடைய சொலிசிட்டரிடமிருந்து, அதாவது வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் வக்கீலிடமிருந்து, கடிதம். இடித்ததற்கு பில்டிங் ரெகுலேஷன்ஸ் (கட்டட விதிகள்) சான்றிதழ் எங்கே? எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தால் போதுமா என்று எங்கள் சொலிசிட்டர் கேட்டுப் பார்த்தார். அந்த இன்சூரன்ஸ் பின்னாளில் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் இழப்புக்குத்தான், தலைக்கு மேல் செங்கல் நிற்குமா நிற்காதா என்பதை அது தீர்க்காது, அதனால் அவர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கி ஒத்துக்கொள்ளவில்லை. (ஒரு எச்சரிக்கை: கவுன்சிலைத் தொடர்புகொண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டால் அப்புறம் அந்த இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம். ஆகவே முதலில் சொலிசிட்டரிடம் பேசுங்கள், பிறகு கவுன்சில்.)

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்து, சீலிங்கில் ஒரு சதுரம் வெட்டித் திறந்து பார்த்தோம். சுவரில் போல்ட் போட்டு மாட்டிய இரண்டு முக்கோண இரும்புத் தாங்கிகள், அவற்றின்மேல் ஒரு பட்டை, இடைவெளிக்கு ஆப்பு மாதிரி செருகிய ஒரு மரத்துண்டு. அந்த மரம் நீளவாக்கில் பிளந்திருந்தது. இன்ஜினியர் டார்ச் அடித்துக் காட்டியபோது என் மனைவி ஒன்றும் பேசாமல் மேசையை இழுத்து அடுத்த பக்கம் போட்டாள். அதன் கீழேதான் ஒன்பது வருடம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறோம்.

இரும்பு உத்தரம் போட்டு, கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோல் ஆள் வந்து பார்த்து, ரெகுலரைசேஷன் சான்றிதழ் வாங்கி முடிக்க மூன்று மாதம் ஆனது. 1985 நவம்பர் 11-க்குப் பிறகு அனுமதியில்லாமல் செய்த வேலைகளுக்கு இப்படிப் பின்தேதியில் சான்றிதழ் கேட்கலாம், ஆனால் செய்த வேலையைத் திறந்து காட்ட வேண்டும், சரியில்லை என்றால் சரிசெய்ய வேண்டும். செலவு முழுக்க என் தலையில். வாங்குபவர் நல்ல மனிதர், காத்திருந்தார். இன்னொருவர் என்றால் போய்விட்டிருப்பார்.

இதனால்தான் சொல்கிறேன். முறையாக இடிப்பது என்றால் அது இன்ஜினியர் கணக்கு, பில்டிங் ரெகுலேஷன்ஸ் அனுமதி, வேலை முடிந்ததும் சான்றிதழ் என்று போகும். டெரஸ் வீட்டில் சிம்னி பெரும்பாலும் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவரில் இருக்கும், அதில் கைவைக்க 1996-ஆம் ஆண்டு பார்ட்டி வால் சட்டப்படி வேலை தொடங்க இரண்டு மாதம் முன்பே பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவருடைய புகைக்குழாய் அதே சிம்னியில் போகிறதா, அவர் இன்னும் நெருப்பு போடுகிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்றரை அடி இடத்துக்காக, அதுவும் நீங்கள் வாழப்போகாத வீட்டுக்காக, இவ்வளவு தேவையா? “கவுன்சிலுக்கெல்லாம் சொல்ல வேண்டாம், இரண்டு நாளில் முடிச்சிடலாம்” என்கிற பில்டரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். விற்கும்போது நிரப்ப வேண்டிய டிஏ6 படிவத்தில் வீட்டில் செய்த மாற்றங்களைக் கேட்பார்கள், நீங்கள்தான் கையெழுத்துப் போடுவீர்கள், அவரல்ல.

சரி, முன்னறைக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை நானும் மகனும் அந்தப் பலகையைக் கழற்றினோம். முதலில் ஆணி, பிறகு காய்ந்த பெயின்ட் கிழியும் சத்தம், அதன்பிறகு முழங்கால் உயரத்துக்குக் கரியும் சுள்ளியும் காய்ந்த இலையும் குபுகுபுவென்று தரையில் கொட்டியது. ஜாக்டா என்கிற சின்னக் காக்கை வருடக்கணக்காகச் சிம்னிக்குள் போட்ட சுள்ளிகள். (கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் தொடாதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் கூட்டைக் கலைப்பது 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வசந்தத்தில் இந்த வேலையே வேண்டாம்.) எல்லாவற்றையும் அள்ளிப் போட்ட பிறகு உள்ளே ஒரு வார்ப்பிரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் பாசிப்பச்சை நிறத்தில் பளபளக்கும் ஓடுகள், பக்கத்துக்கு ஐந்து. ஒன்றில் மட்டும் மூலை உடைந்திருந்தது. ஈரத்துணியால் ஒரு ஓட்டைத் துடைத்தேன், காரைக்குடி வீட்டுச் சுவரில் பார்ப்போமே அப்படி ஒரு பளபளப்பு. இதையா இத்தனை வருடம் ஹார்ட்போர்டுக்குப் பின்னால் வைத்து அதன் முன்னால் ஷூ ரேக்கை நிறுத்தியிருந்தோம் என்று மனசு கேட்கவே இல்லை.

இரும்பின்மேல் ஏழெட்டுப் பூச்சு பெயின்ட் இருந்தது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள், உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூசி ஆபத்து. பெயின்டை இளக்கும் பசையைப் பூசி, ஊறவிட்டுச் சுரண்டி எடுத்து, கடைசியில் இரும்பு அடுப்புக்குப் போடும் கறுப்புப் பாலிஷைத் துணியால் தேய்த்தோம். மூன்று வார இறுதிகள் ஆனது, பொருள் செலவு மிகக் குறைவு. எஸ்டேட் ஏஜென்ட் எடுத்த படங்களில் அந்தச் சுவரைத்தான் முதல் படமாகப் போட்டார். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அதன் முன்னால்தான் நின்று பேசினார்கள்.

பழைய வீடு தேடி வருகிறவர் பழமைக்காகத்தான் வருகிறார். சமமான சுவர்தான் வேண்டும் என்றால் புது ஃபிளாட் வாங்கிவிடுவார். நமக்கு அந்த மூலையில் டிவி வேண்டும், நவராத்திரிக்குக் கொலுப்படி வைக்க இடம் வேண்டும், உறவுக்காரர் வந்தால் பாய் விரிக்க வேண்டும், அதெல்லாம் நம் தேவை. வாங்குபவருக்கு அந்தத் தேவை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தெருவில் சமீபத்தில் விற்ற ஐந்தாறு வீடுகளின் படங்களை வீடு விற்பனை இணையதளமான ரைட்மூவில் எடுத்துப் பாருங்கள், ஃபயர்பிளேஸை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். உங்கள் பகுதியில் வாங்குகிறவர்களும் பெரும்பாலும் நம் ஆட்கள்தான் என்றாலும்கூட, இருக்கும் ஒன்றை அவர் வேண்டாம் என்று மூடிக்கொள்ளலாம், நீங்கள் இடித்த ஒன்றை அவரால் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதற்காக எரிகிற ஃபயர்பிளேஸாக மாற்றப் பணம் போடாதீர்கள். இதுவும் நிறையப் பேர் செய்கிற தப்பு. 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் நாள்கணக்கில் மூடி ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. லண்டனில் பெரும்பாலான இடம் இன்று புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே திறந்த கணப்பில் விறகு எரிக்கக் கூடாது, அனுமதித்த புகையில்லா எரிபொருள்தான். சிம்னியில் புகை வந்தால் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் போட கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. விறகு அடுப்பு பொருத்தினால் அது அனுமதிபெற்ற மாதிரியாக இருக்க வேண்டும், ஹெட்டாஸ் (விறகு அடுப்பு பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு உள்ளவர் போட்டுச் சான்றிதழ் தர வேண்டும், இல்லையென்றால் பில்டிங் கன்ட்ரோல் அனுமதி வாங்க வேண்டும். விற்கிற வீட்டுக்கு அந்தச் செலவு திரும்பி வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. “அலங்காரத்துக்கு மட்டும், பயன்பாட்டில் இல்லை” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பொய்யாக “வேலை செய்யும்” என்று வாய்விட்டால் பின்னால் வம்பு.

ஈரக்கறையைச் சொல்ல மறக்கக் கூடாது. காற்றே போகாமல் அடைத்த சிம்னிக்குள் மழை இறங்கி, செங்கலில் ஊறியிருக்கும் கரியின் உப்பு ஈரத்தை இழுத்து, சுவரில் பழுப்பு நிறமாகத் தெரியும். வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். மேலே பெயின்ட் அடித்தால் சில வாரத்தில் திரும்ப வரும். கூரையில் சிம்னி வாய்க்கு மழை புகாத, காற்று போகிற மூடி போடுங்கள். கீழே மூடியிருக்கும் அறைகளில் சின்னக் காற்றுத் துளை வையுங்கள்.

ஹாரோவிலிருந்து ஒரு அக்காவும் கேட்டிருக்கிறார்: 1930-களில் கட்டிய செமி (ஒரு பக்கம் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு), முன்னறையில் மங்கலான பழுப்பு ஓடு பதித்த ஃபயர்பிளேஸ், அதற்குள் பழைய கேஸ் ஃபயர், அதையும் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று.

அக்கா, உங்களுக்கு என் பதில் வேறு. கேஸ் ஃபயரை எடுத்துவிடுங்கள், ஆனால் கேஸ் வேலை செய்வதற்கான கேஸ் சேஃப் பதிவு உள்ளவரை வைத்து மட்டும். கேஸ் ஃபயருக்குப் பின்னால் பழைய பாயிலர் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துப் பலகையிலும் கயிற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, இங்கே அதை முழுமையாகத் தடை செய்தது 1999-ல்தான், சந்தேகம் இருந்தால் சோதனைக்குக் கொடுக்காமல் உடைக்காதீர்கள். ஓடு பதித்த பகுதி உடையாமல் முழுதாக இருந்தால் விடுங்கள், அந்தக் காலத்து வீட்டுக்கு அது பொருந்தும். பாதி உடைந்து, பிற்காலத்தில் யாரோ மேலே கல் ஒட்டி வைத்தது என்றால் எடுத்துவிட்டுக் குழியைச் சுத்தமாகப் பூசி விடலாம். சிம்னி பிரெஸ்ட் மட்டும் நிற்கட்டும். வீடு லிஸ்டட் பில்டிங் (சட்டப் பாதுகாப்பு உள்ள பாரம்பரியக் கட்டடம்) என்றால் உள்ளே பதித்த ஒரு ஓட்டைக்கூட அனுமதியில்லாமல் தொடக் கூடாது, அது குற்றம். இதில் நான் சொன்ன சட்டமெல்லாம் இங்கிலாந்துக்கு, ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு தங்கை, குழி சும்மா இருக்கிறதே, வீடு பார்க்க ஆட்கள் வரும்போது உள்ளே விளக்கு ஏற்றி வைக்கலாமா என்று கேட்டிருந்தார். வைக்கலாம்மா, நாங்களும் குத்துவிளக்கு வைத்தோம், அந்தப் பச்சை ஓட்டில் சுடர் தெரிகிற அழகு தனி. குளிர்காற்று இறங்காமல் இருக்கச் சிம்னிக்குள் காற்று ஊதிய பை செருகியிருந்தால் அதை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள், அது பிளாஸ்டிக்.