முறையிட இடம் தந்த கடவுள்

என் கணவர் குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். விடியுமுன்னே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மலையேறிப் பழகிய அந்த உடம்பில் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன என்று மருத்துவர் சொன்னபோது எங்கள் மூத்த மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். எங்கள் மேற்குக் குமரியில் பெரிய நோய் என்றால் எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம்தான் எல்லோருக்கும் வழி. நாங்களும் குழித்துறையில் அதிகாலை ரயில் ஏறி டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கினோம்.

நோயைவிட என்னை வருத்தியது ஆறுதல் சொல்ல வந்தவர்களின் பேச்சு. முன்னோர் செய்த பாவம் என்றார் ஒருவர். விசுவாசம் போதவில்லை என்று இன்னொருவர் சொன்னார். ஆண்டவர் தாம் நேசிப்பவர்களையே சோதிப்பார் என்ற சொல்லை எத்தனையோ வாய்களிலிருந்து கேட்டேன். அவர்கள் அன்பினால்தான் வந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அவர்கள் எழுந்து போனபின் ஜெபமாலையைக் கையில் எடுத்தால் ‘அருள் நிறைந்த மரியே’ பாதியிலேயே தொண்டையில் நின்றுவிடும்.

அந்த நாள்களில்தான் மருத்துவமனைக் கூடத்தில் நெய்யாற்றின்கரை அம்மச்சி ஒருவரைக் கண்டேன். அவருடைய மகனுக்கும் அங்கேதான் டயாலிசிஸ். என்ன நோய், எவ்வளவு செலவு, எத்தனை பிள்ளைகள் என்று அவர் எதையும் விசாரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து அமர்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து பால் கலக்காத கட்டன்சாயாவை மூடியில் ஊற்றி என் கையில் கொடுத்தார். நான் உடைந்து அழுதபோது, “கரஞ்ஞோ மோளே, கர்த்தாவினோடு பறஞ்ஞோ” என்றார். அழுது தீர், ஆண்டவரிடமே சொல் என்ற அந்த ஒரு வார்த்தைக்குமேல் அவர் வேறு எதுவும் பேசவில்லை. என் அழுகை ஓயும்வரை என் கையை விடவுமில்லை.

அதன்பின் விவிலியத்தில், எல்லாவற்றையும் இழந்து நோயிலும் துன்புற்ற நேர்மையாளர் யோபுவின் கதையைச் சொல்லும் யோபு ஆகமத்தை முதலிலிருந்து படித்தேன். யோபுவின் நண்பர்கள் முதலில் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவருடைய வேதனை கூடியது. பிறந்த நாளையே சபித்து, கடவுளோடு வழக்காடிய யோபுவைக் குறித்து, கடைசி அதிகாரத்தில் கடவுள், என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் இவனே என்கிறார். கடவுளுக்காக வாதாடிய நண்பர்கள்மீதுதான் அவருக்குக் கோபம். இதைப் படித்த இரவில் நான் வாய்விட்டு முறையிட்டேன். நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் என் ஜெபம் முழுமையாக வெளியே வந்தது.

நம் மண்ணின் புனிதர் தேவசகாயம் பிள்ளைக்கும் இதே யோபுவின் கதைதான் வாசலாக இருந்தது. நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டனாக அவர் திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்த காலத்தில், கால்நடைகள் மடிந்து பொருள் இழப்பு நேர்ந்து மனம் சோர்ந்திருந்தபோது, 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பின் மன்னரின் படைத்தலைவரான டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அவருக்கு அக்கதையைச் சொன்னார் என்பது வரலாறு. 1745-இல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். துன்பம் அதோடு தீர்ந்துவிடவில்லை என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1749-இல் சிறைப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊர்ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இழந்த மாடுகளைத் திருப்பித் தருகிற கடவுளை மட்டும் அவர் தேடியிருந்தால், சிறையின் முதல் நாளிலேயே அந்த நம்பிக்கை அறுந்துபோயிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

என் கணவருக்குக் குடிக்கும் தண்ணீரையும் இன்று அளந்தே கொடுக்கிறேன். காலையில் எழுந்ததும் அவருடைய கையில் டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த இடத்தில் விரலை வைத்து, இரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த விரலை எடுக்காமலே இருவருமாக ஜெபிப்போம். மூச்சுத்திணறல் வரும் இரவுகளில் திருப்பாடல் 88-ஐ வாசிக்கிறோம். இருளிலேயே முடிகிற அந்தப் பாடலையும் திருநூல் விலக்காமல் வைத்திருப்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். உங்கள் ஜெபத்தில் எங்களையும், அந்த அம்மச்சியின் மகனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.