கனடாக்காரரோடு கதைத்ததில் இன்னும் மனதை விட்டுப் போகாதது எது? தேர்தல், தொழில்நுட்பம், விண்வெளித் தொடர்

மார்க்கம் ரோட்டுக்காரன்

2019 ஒக்டோபர் 21, கனடா நாடாளுமன்றத் தேர்தல். ஸ்காபரோவிலை ஒரு பள்ளிக்கூட ஜிம்மிலை எனக்கு வாக்குச் சாவடி எழுத்தர் வேலை. பக்கத்துக் கதிரையிலை மேசைப் பொறுப்பாளரா ஒரு வெள்ளைக்கார ஐயா, பஸ் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். காலமை துவங்கினால் இரவு ஒன்பதரைக்குத்தான் கதவு பூட்டுவினம். ஆள் வராத நேரமெல்லாம் கதைதான்.

அவருக்கு மூண்டு விசயத்திலை உயிர்: தேர்தல் முறை, கம்பியூட்டரை எவ்வளவு நம்பலாம் எண்டது, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா எண்ட விண்வெளித் தொடர். "அந்தத் தொடரிலை எதிரி முழுப் படையையும் கம்பியூட்டருக்குள்ளாலை பூந்து நிப்பாட்டிப் போட்டான். தப்பினது கம்பியூட்டர் இல்லாத பழைய கப்பல் ஒண்டுதான். அதாலைதான் எனக்கு உந்தப் பென்சில் பிடிக்கும்" எண்டு வாக்காளருக்குக் குடுக்கிற கட்டைப் பென்சிலைத் தூக்கிக் காட்டினார்.

எண்ணேக்கை அந்த மனுசனைப் பாத்திருக்க வேணும். ஒவ்வொரு சீட்டையும் விரிச்சு, ரெண்டு கையாலையும் நெஞ்சுக்கு நேரே பிடிச்சு, வேட்பாளரின்ரை பேரைச் சொல்லி, கட்சி முகவர்கள் தலையாட்டினாப் பிறகுதான் கீழை வைப்பார். நான் தாளிலை கோடு போடுவன். ஒரு சீட்டிலை புள்ளடி இருக்கோ இல்லையோ எண்டே தெரியேல்லை. அவ்வளவு மெல்லிசா ஆரோ கீறியிருக்கினம், கை நடுங்கிற வயசான ஆளாயிருக்கும். கண்ணாடியைக் கழட்டினார், சீட்டை லைட்டுக்கு நேரே சரிச்சார், முகவர்களைக் கிட்டக் கூப்பிட்டுக் காட்டினார். வட்டத்துக்குள்ளை ரெண்டு கீறும் ஒண்டை ஒண்டு வெட்டினது தெரிஞ்சுது. அந்த வாக்கு எண்ணுப்பட்டுது.

பெட்டி கட்டேக்கை சொன்னார்: "பென்சில் சரி. பிழை கணக்கிலை." தொகுதியிலை கூட வாக்கு எடுத்தவர் வெல்லுற பழைய முறையிலை நடக்கிற கடைசித் தேர்தல் 2015-இலை நடக்கிறதுதான் எண்டு, பிறகு பிரதமரா வந்த ட்ரூடோ அப்ப குடுத்த வாக்கை 2017 பெப்ரவரியிலை கைவிட்டது அவருக்கு ஆறவே இல்லை. அடுத்த நாள் முடிவைப் பாத்தால் அவர் சொன்னது அப்பிடியே கிடக்கு. கன்சர்வேட்டிவ் 34.3 வீதம் எடுத்து 121 இடம். ட்ரூடோவின்ரை லிபரல் 33.1 வீதம் எடுத்து 157 இடம்.

அவர் விகிதாசாரம், அதாவது கட்சி எடுத்த வாக்கு வீதத்துக்கு ஏத்த இடம், வேணும் எண்டு கேக்கிறார். நான் கொழும்பிலை விகிதாசாரத்திலை, கட்சிக்குள்ளை ஆளுக்குப் போடுற விருப்பு வாக்கோடை, வாக்குப் போட்ட ஆள். இடங்கள் பங்குப்படி வரும், அது உண்மை. ஆனால் சிறுபான்மைக்கு நியாயம் அதோடை சேந்து தானா வந்திடாது எண்டு சொல்ல வாயெடுத்தன். மேற்பார்வையாளர் பெட்டியைக் கொண்டா எண்டு கூப்பிட்டிட்டார். விகிதாசாரத்திலை வாக்குப் போட்ட ஆக்கள் இந்த ஊரிலை எவ்வளவு பேர் இருக்கிறம்! எங்களிட்டை ஆரும் கேட்டதில்லை. உங்களுக்கும் இப்பிடி ஒரு ஆள் வாய்ச்சிருப்பார். எழுதுங்கோ.

வாட்டர்லூ தம்பி

அண்ணே, பென்சில் கதை நல்லாருக்கு, ஆனா அது கூட்டாட்சித் தேர்தல் கதை. ஒன்டாரியோ மாகாணத் தேர்தல்ல 2018லேர்ந்து சீட்டு பேப்பர்தான், எண்ணுறது மெஷின். மார்க்கம் நகராட்சித் தேர்தல்ல 2003லயே வீட்ல உக்காந்து இணையத்துல ஓட்டு போட்டாங்க. நான் ஈ.வி.எம்.ல ஓட்டு போட்டு வளந்தவன். மெஷின்னாலே பயம்னா ஒத்துக்க மாட்டேன். மெஷின் யார் கையில இருக்கு, அதைத் தனியா சரிபார்க்க வழி இருக்கான்னுதான் கேக்கணும்.

இதை எனக்குக் கத்துக்கொடுத்தது டொரோன்டோவுல நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா. நூலகத்துல வேலை பாத்து ஓய்வு பெற்றவங்க. ஏரிக்கரையில சைட்வாக் லேப்ஸ், கூகுளோட சகோதர நிறுவனம், சென்சார் வச்ச நகர்ப்பகுதி ஒண்ணு கட்டப் போறதா 2017ல அறிவிச்சாங்க இல்லையா? அதுக்கு லேக்‌ஷோர் ஈஸ்ட் 307ல ஒரு காட்சிக்கூடம் வச்சிருந்தாங்க. அம்மா என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. தரையில அறுகோணக் கட்டைகள் பதிச்சிருந்தாங்க. உள்ள விளக்கு எரியும், சூடாக்கி பனியை உருக்கலாம்னு சுத்திக் காட்டின பையன் சந்தோஷமா சொன்னான். அம்மா ஒரு கட்டை மேல ரெண்டு காலையும் சேத்து வச்சு நின்னுக்கிட்டு, "பனி உருகட்டும். நான் இங்க நின்னேன்னு யாரு எழுதி வச்சுக்குவாங்க?"ன்னு கேட்டாங்க. பையன் நல்ல பையன்தான், ஏதோ சொல்லப் பாத்தான். வாக்கியம் முடியல.

திரும்பி வர்றப்போ ஸ்ட்ரீட்கார்ல சொன்னாங்க: ஸ்டார் ட்ரெக்ல கப்பல் கம்ப்யூட்டர்கிட்ட கேட்டா யார் எந்தத் தளத்துல இருக்காங்கன்னு உடனே சொல்லிடும். சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன், பயமே வந்ததில்ல. ஏன்னா அந்தக் கப்பல்ல யாரும் விளம்பரம் விக்கல.

ஒன்டாரியோவோட முன்னாள் தனியுரிமை ஆணையர் ஆன் கவூக்கியன் அந்தத் திட்டத்துக்கு ஆலோசகரா இருந்துட்டு 2018 அக்டோபர்ல விலகினாங்க. சேகரிக்கிற இடத்துலயே ஆள் அடையாளத்தை அழிக்கணும்ங்கறது அவங்க நிபந்தனை. எல்லாரும் அதுக்குக் கட்டுப்படுவாங்கன்னு உறுதி கிடைக்கல. 2020 மே மாசம் திட்டமே போச்சு. நான் இப்ப டேட்டா வேலையிலதான் இருக்கேன். ஒவ்வொரு தடவை டேபிள்ல புதுசா ஒரு நெடுவரிசை சேர்க்குறப்பவும் அந்தம்மா கட்டை மேல நின்ன நிலை கண்ணு முன்னாடி வருது.

பர்னபி லைட்மேன்

மார்க்கம் ரோட்டுக்காரரே, ஒரு திருத்தம். கலாக்டிகாவுல கம்ப்யூட்டர் உண்டு. ஒண்ணோட ஒண்ணு இணைக்கக் கூடாதுன்னு கப்பல் கமாண்டர் பிடிவாதமா இருந்தார், அதான் விஷயம். தப்பினதும் அந்த ஒரு கப்பல் இல்ல, பெகாசஸும் பின்னாடி வந்து சேருமே. மெக்கானிக் ஐயா மறந்திருக்கலாம். அந்தத் தொடரை எடுத்தது எங்க ஊர்ல. சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகம்தான் அதுல வேற்றுக் கிரகத்து நகரம்.

நான் செட்ல லைட் வேலை. என்னைத் தூங்க விடாத ஆள் ஒரு தச்சர், எக்ஸ்-ஃபைல்ஸ் தொடரை இங்க எடுத்த காலத்துலேர்ந்து இருக்கிறவர். ஒரு நாள் காலையில வான்கூவர்ல ஒரு தெருவை அமெரிக்க ஊரா மாத்திக்கிட்டு இருந்தோம். கனடா போஸ்ட்டோட சிவப்புப் பெட்டியை மறைச்சு, அமெரிக்க நீலப் பெட்டியை வைக்கணும். அது பொய்ப் பெட்டி, உள்ள ஒண்ணுமில்ல, ஒத்தக் கையில தூக்கிட்டு வந்தார். வச்சுட்டு நிமிர்ந்தப்போ ஒரு பாட்டி நிஜமாவே கடிதம் போட வந்து நின்னாங்க. தச்சர் அவங்க கையைப் பிடிச்சு, மறைச்ச துணியைத் தூக்கி, சிவப்புப் பெட்டியில கடிதத்தைப் போட வச்சு அனுப்பினார். அப்புறம் என்கிட்ட, "முப்பது வருஷமா என் ஊரை நானே மூடிட்டு இருக்கேன்"னார். குரல்ல கோபம் இல்ல. கோபப்பட்டிருந்தா மறந்திருப்பேன்.

எங்க பக்கம் எடுத்த ஸ்டார்கேட் எஸ்ஜி-1 விண்வெளித் தொடர் 1997லேர்ந்து 2007 வரைக்கும் பத்து சீசன், 214 எபிசோட். எந்தக் கிரகத்துல இறங்கினாலும் எங்க ஊர்க் காடு. வான்கூவரை வான்கூவராவே காட்டின கான்டினம் மாதிரித் தொடரைத் தேடித்தான் பிடிக்கணும். வரிச்சலுகை இருக்கு, வேலை வருது, என் வீட்டு வாடகை அதுலதான் போகுது. 2023ல அமெரிக்க எழுத்தாளர், நடிகர் வேலைநிறுத்தத்துல நாங்க இங்க மாசக்கணக்கா சும்மா உக்காந்திருந்தோம். ஸ்ட்ரீமிங் நிறுவனங்க கனடா வருமானத்துல 5 சதவீதம் இங்கத்த படைப்புகளுக்குக் கொடுக்கணும்னு 2024ல சி.ஆர்.டி.சி. (ஒலிபரப்பு, தொலைத்தொடர்பை மேற்பார்வை பாக்குற ஆணையம்) உத்தரவு போட்டப்போ, "அரசாங்கம் நெட்ஃப்ளிக்ஸ்ல கை வைக்குது"ன்னு நம்ம ஆளுங்களே திட்டினாங்க. நான் அந்த உத்தரவு பக்கம்தான். தச்சரும்.

யங் ஸ்ட்ரீட் அக்கா

சின்னதா ஒண்ணு. டொரோன்டோ சிட்டி ஹால்ல ஒரு காவலாளி, வரிசையில நிக்கிற எல்லார்கிட்டயும் சொல்வார்: 1989ல ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன்ல ஒரு மாய வாசல் வழியா வேற உலகங்கள் தெரியுமே, அதுல ஒரு உலகம் இந்தக் கட்டடம்தான். நிஜம். ரெண்டு வளைஞ்ச கோபுரமும் பளிச்னு தெரியும். வீட்டுக்கு வந்து பாத்தேன். மேயர் தேர்தல்ல யாரு வந்தா என்னன்னு இருந்தவ நான். அந்த மனுஷன் அந்தக் கட்டடத்தைத் தன் வீடு மாதிரி காட்டினதைப் பாத்துட்டுத்தான் சபைக் கூட்டம் பாக்க உள்ள போனேன். பொதுமக்கள் இருக்கையில நான் மட்டும்தான் உக்காந்திருந்தேன்.

கால்கரி குளிர்

ஆல்பர்டால வல்கன்னு ஒரு ஊர் இருக்கு. ரயில்வே சர்வேயர் ரோமக் கடவுள் பேரை வச்சது. ஸ்டார் ட்ரெக்ல ஸ்பாக்கோட கிரகத்துக்கும் அதே பேர். தொடர் வந்த பிறகு ஊரே அந்தப் பெயரைப் பிடிச்சுக்கிட்டு 1995ல விண்கல மாதிரி ஒண்ணை நிறுத்திருச்சு. 2010 ஏப்ரல்ல ஸ்பாக்கா நடிச்ச லெனர்ட் நிமாயே நேர்ல வந்தார். அன்னைக்குக் கூட்டத்துல நின்ன கோதுமை விவசாயி ஒருத்தர்கிட்ட எங்க கம்பெனி விதைக்கருவி பழுது பாக்குற வேலையாப் போனேன். வாழ்நாள் முழுக்கக் கன்சர்வேட்டிவ். எரிபொருள் மேல பொதுமக்கள் கட்டின கார்பன் வரின்னா முகம் சிவக்கும், அது எடுபட்ட 2025 ஏப்ரல் 1 அவருக்குத் திருநாள். கொட்டகைச் சுவர்ல ஸ்பாக் படம்.

பணமே இல்லாத சமுதாயத்தைக் காட்டுற தொடராச்சேன்னு கேட்டேன். கையில கிரீஸோட நிமிர்ந்து பாத்தார். "அவங்ககிட்ட சாப்பாடு செய்யுற மெஷின் இருக்கு. என்கிட்ட இருக்கிறது இது"ன்னு பழுதான விதைக்கருவியைத் தட்டினார். அப்புறம் அந்தத் தொடர்ல கப்பல் எஞ்சினியர் ஸ்காட்டியா நடிச்ச ஜேம்ஸ் டூஹன் வான்கூவர்ல பிறந்தவர், நார்மண்டித் தரையிறக்கத்துல கனடாப் படையோட போய் விரலை இழந்தவர்னு சொல்லிட்டு மறுபடி குனிஞ்சுட்டார். கொட்டகையை விட்டு வர்ற வரைக்கும் அவர் எந்தப் பக்கம்னு எனக்குப் பிடிபடவே இல்ல. பர்னபிக்காரர் மாதிரி எல்லாத்தையும் அந்தப் பக்கம், இந்தப் பக்கம்னு பிரிக்க என்னால முடியல.

பிராம்டன் மாமா

2022 ஜூலை 8, பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் வலை நாடெங்கும் விழுந்த நாள். இன்டராக் டெபிட் வேலை செய்யவில்லை. பெட்ரோல் போட்டுவிட்டு நான் நிற்க, பின்னால் வந்த நர்ஸ் அம்மா எனக்கும் சேர்த்து ரொக்கத்தை நீட்டினார். "ரெண்டு மூணு கம்பெனி கையில் நாட்டையே கொடுத்தால் இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை. பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

இதிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சிலது சொல்ல வேண்டும். வீட்டில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள். வேலையிடத்தில் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்காதீர்கள். எந்தப் பிரச்சினை முக்கியம் என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். குடியுரிமை வரும் வரை எனக்கென்ன என்று இருக்காதீர்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒட்டாவா முகவரிக்குக் கடிதம் போட ஸ்டாம்ப் வேண்டாம், தெரியுமா? பலருக்குத் தெரியாது. இணைய மனு இருக்கிறது. ஐந்து பேர் ஆதரவோடு தொடங்கலாம், 500 கையெழுத்து சேர்ந்து உறுப்பினர் ஒருவர் சபையில் வைத்தால் அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும். குடிமக்கள் மட்டுமல்ல, இங்கே வசிக்கிற யாரும் கையெழுத்திடலாம். சி.ஆர்.டி.சி. ஒரு விஷயத்தை விசாரிக்கும்போது பொதுமக்கள் கருத்து எழுதலாம், வக்கீல் தேவையில்லை. ஊரில் தாலுகா ஆபீசுக்கு நடந்த பழக்கத்தில் நேரில் போனால்தான் வேலை நடக்கும் என்று நினைப்போம். இங்கே எழுத்துக்குத்தான் மதிப்பு. எழுதியதன் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விண்வெளித் தொடர் பார்த்தால் திட்டாதீர்கள், கூட உட்காருங்கள். ஐந்து டாலர் பாலிமர் நோட்டின் பின்பக்கம் விண்வெளி நிலையத்தில் இருக்கும் கனடாவின் இயந்திரக் கை கனடார்ம்2 படம் இருக்கிறது, அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

வாட்டர்லூ தம்பி

மாமா, ஸ்டாம்ப் விஷயம் தெரியாது, நன்றி. ஆனா அந்த நர்ஸ் அம்மா கதையை இன்னும் ரெண்டு வரி சொல்லியிருக்கலாம். அவங்களுக்காகத்தான் படிச்சேன்.

பர்னபி லைட்மேன்

கால்கரிக்காரரே, நான் யாரையும் பிரிக்கல. எனக்குச் சோறு போடுற தொழிலைப் பத்தி எனக்குக் கருத்து இருக்கும். உங்க விவசாயிக்கும் அப்படித்தான்.

மார்க்கம் ரோட்டுக்காரரே, ட்ரூடோவை மட்டும் சொல்லாதீங்க. எங்க பிரிட்டிஷ் கொலம்பியா (பி.சி.) மாகாணத்துல 2004ல குலுக்கல்ல 160 சாதாரண ஆளுங்களைப் பொறுக்கி ஒரு மக்கள் மன்றம் வச்சாங்க. அவங்க உக்காந்து படிச்சு ஒரு புது முறையைச் சொன்னாங்க. 2005 வாக்கெடுப்புல 57.7 சதவீதம் வேணும்னு போட்டாங்க. 60 வேணும்னு அரசு விதி வச்சிருந்ததால செல்லல. 2009ல மறுபடி கேட்டப்பவும் தோத்துச்சு. 2018ல மூணாவது தடவை கேட்டப்போ 61.3 சதவீதம் பழசே போதும்னுட்டாங்க. தச்சர் மூணு தடவையும் மாற்றத்துக்குத்தான் போட்டார். இன்னொரு தடவை கேக்க மாட்டாங்கங்கறார்.

மார்க்கம் ரோட்டுக்காரன்

57.7 வீதம் எடுத்தும் தோல்வி எண்டால் அந்த மனுசனுக்கு எப்பிடி இருந்திருக்கும். அந்தப் புது முறையிலை 1, 2, 3 எண்டு விருப்ப வரிசை போடுறதுதானே? எங்கடை இலங்கைச் சனாதிபதித் தேர்தலிலையும் அது இருக்கு. 2024 செப்டம்பரிலைதான் முதல் தரமா ஒருத்தரும் பாதி தாண்டாமல் இரண்டாம் விருப்பை எண்ண வேண்டி வந்தது. அதை எண்டாலும் தச்சருக்குச் சொல்லுங்கோ. உந்த எண்ணிக்கையிலை வேலை செய்த ஆரும், இல்லாட்டில் அவையின்ரை சொந்தக்காரர் ஆரும் இஞ்சை இருந்தால், இரண்டாம் விருப்பை எப்பிடிப் பிரிச்சு எண்ணினவை எண்டு எழுதுங்கோ. பி.சி. மாகாணத்திலை அப்பிடி ஒண்டு வந்திருந்தால் மேசையிலை என்ன நடந்திருக்கும் எண்டு எனக்குத் தெரிய வேணும்.