பழைய கம்ப்யூட்டர்களை யாரிடம் ஒப்படைத்தீர்கள்? அனுபவப் பகிர்வு

பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்:
எங்கள் பள்ளியில் பழுதான கம்ப்யூட்டர்களை ஏலம் விட்டார்கள். அதிக விலை கேட்டவர் எடுத்துச் சென்றார். கொஞ்ச நாளில் ஏரிக்கரையில் உடைந்த மானிட்டர் பிக்சர் டியூப்கள் கிடந்தன. செம்புச் சுருளையும் சர்க்யூட் போர்டையும் எடுத்துக்கொண்டு, ஈயம் கலந்த கண்ணாடியைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாடு மேய்கிற இடம் அது. பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தானே தர வேண்டும் என்று கேட்டேன். ஆயிரம் சாதனங்களாவது பயன்படுத்தும் மொத்த நுகர்வோருக்குத்தான் 2022 மின்னணுக் கழிவு விதிகளில் அந்தக் கடமை என்றார்கள். கிராமத்துப் பள்ளியில் ஆயிரம் சாதனங்களுக்கு எங்கே போவது?

காயலான் கடைக்காரர் மகன், வட சென்னை:
டீச்சர், அந்த ஏலக்காரரைப் போன்றவர்களுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். தடித்த கேபிளைக் கத்தியால் உரிப்போம். மெல்லிய ஒயரை உரித்தால் கூலி கட்டாது. கருகிய செம்புக்கு விலை குறைவு என்று தெரிந்தும் கொளுத்துவோம். அந்தப் புகையில் டையாக்சின் என்ற நச்சு இருப்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். அதற்குள் அம்மாவுக்கு இளைப்பு நிரந்தரமாகிவிட்டது.

போர்டுகள் கிலோக் கணக்கில் டில்லி வியாபாரிகளுக்குப் போகும். அங்கே சீலம்பூரில் பிரிப்பார்கள். உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் உலோகம் எடுப்பார்கள். மிஞ்சும் கறுப்புச் சாம்பல் ராம்கங்கை ஆற்றங்கரையில் குவியும்.

2016 விதிகளில் சேகரிப்பு மையத்துக்கும் பிரித்தெடுப்பவருக்கும் இடம் இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள அந்த 2022 விதிகளில் பதிவு செய்ய வேண்டியவர்கள் தயாரிப்பாளர், தம் பிராண்டில் விற்பவர், புதுப்பித்து விற்பவர், மறுசுழற்சியாளர் ஆகிய நால்வர் மட்டுமே. தள்ளுவண்டியில் வீட்டு வாசலுக்கு வந்து பழைய சாமானை எடை போடுபவர் அதில் இல்லை. பழைய மிக்ஸியும் டிவியும் முதலில் போய்ச் சேருவது அவரிடம்தான்! கையுறையும் ஒயர் உரிக்கும் இயந்திரமும் கொடுங்கள், போர்டை உடைக்காமல் தந்தால் கூடுதல் விலை கொடுங்கள், யாரும் தீ வைக்க மாட்டார்கள். போலீசை அனுப்பினால் தீ அடுத்த தெருவுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

சூரிச்சில் வாழும் யாழ்ப்பாணத்துக்காரர்:
இங்கே பொருள் வாங்கும்போதே மறுசுழற்சிக் கட்டணத்தையும் சேர்த்துச் செலுத்திவிடுகிறோம். அந்த வகைப் பொருளை விற்கும் கடை, பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என்று 1998இலேயே சட்டம் வந்துவிட்டது. வேறு கடையில் வாங்கிய கெட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், ரசீதுகூடக் கேட்கவில்லை. ஆனால் தம்பி, பழைய பொருளுக்கு இங்கே ஒரு காசும் கிடைக்காது. நம் ஊர்களில் அது ஒரு குடும்பத்தின் அன்றாட வருமானம். எனவே இந்த முறையை அப்படியே கொண்டுவந்தால் நிலைக்காது.

பள்ளி ஆசிரியை:
அண்ணா, எனக்கும் அதே எண்ணம்தான். வீட்டு மின்னணுச் சாதனங்களை மறுசுழற்சி செய்ய, தயாரிப்பு நிறுவனங்கள் மறுசுழற்சியாளருக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தர வேண்டும் என்று 2024இல் அரசு நிர்ணயித்தது. சில நிறுவனங்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. அந்தத் தொகையில் ஒரு பங்கு தள்ளுவண்டிக்காரருக்குச் சேர வேண்டும் என்று விதியிலேயே எழுத வேண்டும். இல்லையென்றால் எங்கள் ஏரிக்கரைக்கு விடிவு கிடையாது.

இந்த ஆண்டு கழிக்கும் கம்ப்யூட்டர்களைப் பதிவுபெற்ற நிறுவனத்துக்கு அனுப்பத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார். வண்டி வாடகைதான் இடிக்கிறது. பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பியவர்கள் யாராவது இருந்தால், எப்படி ஏற்பாடு செய்தீர்கள் என்று எழுதுங்கள்.