பீட்டா தலசீமியா காவியாக இருக்கும் மகனுக்கு ஆல்பா மரபணுப் பரிசோதனை எங்கே செய்யலாம்?

வணக்கம். நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம். மகனுக்கு ஐந்து வயது. போன வருசம் தைப்பொங்கலுக்குத் தைத்த சேர்ட் தோளில் சரியாக நிற்கிறது, வயிற்றில் மட்டும் பொத்தான் பூட்ட முடியவில்லை. மண்ணீரல் வீங்கி 4 சென்டிமீற்றர் இறங்கியிருக்கிறதாம். ஹீமோகுளோபின் 7.2, காய்ச்சல் வந்தால் 6க்குக் கீழே போய்விடும், இதுவரை மூன்று தரம் இரத்தம் ஏற்றியாயிற்று.

எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை) எடுத்ததில் எனக்கு ஏ2 என்ற வகை 5.3 சதவீதம், கூடுதல், அதாவது நான் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவி, பிழையான மரபணு ஒன்று மட்டும் இருக்கிறது. கணவருக்கு எல்லாம் சாதாரணம். மகனும் வெறும் காவிதான் என்று வந்தது, மூத்தவளும் அப்படித்தான், ஆனால் அவள் 10.4இல் ஓடித்திரிகிறாள். காவிக்கு இவ்வளவு தூரம் வராது, இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும் என்று எட்டு மாதம் இரும்புச்சத்துப் பாணி கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம், பிறகு பார்த்தால் பெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் அளவு) 340, கூடுதல். (அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.)

இப்போது பார்க்கும் டொக்டர்தான் சொன்னார்: ஆல்பா குளோபின் மரபணு வழமையாக நான்கு, சிலருக்கு ஐந்து ஆறு இருக்கும், பீட்டா குறைபாடும் அதுவும் ஒன்றாகச் சேர்ந்தால் மிஞ்சுகிற ஆல்பா சங்கிலிகள் சிவப்பணுவை உடைத்துவிடும் என்று. அந்தக் கூடுதல் மரபணு கணவர் பக்கமிருந்து வந்திருக்கலாம், எச்பிஎல்சியில் தெரியாதாம். பீட்டா மரபணுப் பரிசோதனை செய்தாயிற்று, ஒரே ஒரு பிழைதான்.

ஆல்பா மரபணு எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் எம்எல்பிஏ பரிசோதனையை, வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இரத்தம் கொடுத்து அனுப்பிச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எங்கே?