வேலையோடு பிஎம்பி தேர்வு: மாதிரித் தேர்வில் 60 சதவீதத்தைத் தாண்ட முடியவில்லை

கேள்வி: திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி (PMP) சான்றிதழ் தேர்வுக்காக 35 மணி நேர வகுப்பு முடித்து, விண்ணப்பமும் ஏற்கப்பட்டுவிட்டது. வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் மார்க் ஏறவில்லை. எங்கே கோட்டை விடுகிறேன்?

பதில் 1: கணக்குக் கேள்விகள் கொஞ்சம்தாங்க வரும். பெரும்பாலானவை “திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?” ரகம். வாடிக்கையாளர் புது வசதி கேட்கிறார் என்றால் உடனே மறுப்பதும் தவறு, அலசாமல் மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவுக்குத் தள்ளுவதும் தவறு. காலம், செலவு, ரிஸ்க் மீது என்ன பாதிப்பு என்று பார்ப்பதே முதல் படி. அதே கேள்வி ஸ்க்ரம் (வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்யும் முறை) சூழலில் வந்தால் விடை வேறு: எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் பிராடக்ட் ஓனரிடம் போகும், பேக்லாகில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், அவர் வரிசைப்படுத்துவார். எந்த முறை என்று கவனிக்காமல் விடையைத் தேடுவதில்தான் நிறைய மார்க் போகிறது.

பதில் 2: இரவில் 20 கேள்வி போதும். மீதி நேரம் முழுக்க விளக்கங்களுக்கு. சரியாகப் போட்டதற்கும் மற்ற மூன்று ஏன் தவறு என்று படியுங்கள்.

பதில் 3: ஞாயிறன்று ஒரு முழுத் தேர்வு எழுதிப் பாருங்கள். 2021 பாடத்திட்டப்படி 180 கேள்வி, 230 நிமிடம். 60 முடிந்ததும் கடிகாரத்தில் 154 நிமிடம் மீதி இருக்க வேண்டும், 120-இல் 77. ஒவ்வொரு 60-க்குப் பிறகும் 10 நிமிட இடைவேளை உண்டு. ஆனால் இடைவேளைக்குப் போனால் முந்தைய பகுதியைத் திரும்பத் திறக்க முடியாது, குறித்து வைத்தவற்றை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.